செக்குபந்தியும் எதிர்மலைச் சங்கும்

கோத்தகிரியில் யாருக்காவது சொந்தமாக ஒரு வீடு இருக்கிறதென்றால், அது செக்குபந்தியின் உதவியால் அல்ல, அவரையும் மீறித்தான். வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். அவர் எழுதிய பத்திரத்தின்படி நான் ஏழு மாதம் ஒரு கேரட் தோட்டத்துக்கு உரிமையாளனாக இருந்தேன். அந்தத் தோட்டத்தை எனக்குத் தெரியாது. தோட்டத்துக்கும் என்னைத் தெரியாது.

பத்திரம் எழுதுவது அவர் தொழில். சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிர்வரிசையில், பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மழைக்காலத்தில் மட்டும் பேப்பரைக் கடிக்கும் ஒரு பிரிண்டர், அப்புறம் ஸ்டெல்லா. ஸ்டெல்லா அவரிடம் பதினெட்டு வருடமாக டைப் அடித்தவர். செக்குபந்தி சத்தம் போடும்போதெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிப்பார். அந்த ஹெட்போனின் வயர் எதிலும் செருகியிருக்காது.

செக்குபந்திக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று லைசென்ஸில் இருந்திருக்க வேண்டும். ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. நிலத்துக்கு நாலு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று பத்திரத்தில் ஒரு பத்தி வருமே, அதற்குச் செக்குபந்தி என்று பெயர். மற்றவர்கள் எழுதினால் அது நாலு வரி. இவர் எழுதினால் பக்கம் தாண்டும். ‘வடக்கே மாரப்பன் வீடு’ என்று எழுத அவருக்குக் கை வராது. ‘வடக்கே, தகரம் மாற்றி இரண்டு வருடமான, முன்பக்கம் நாய் கட்டியிருக்கிற மாரப்பன் வீடு’ என்றுதான் வரும். நாய் செத்துப்போனால் பத்திரம் செல்லுமா என்று ஒருவர் கேட்டதற்கு, “வேற நாய் கட்டச் சொல்லுங்க” என்றாராம்.

இந்தக் கிறுக்குக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. கிறுக்கை மட்டும் வைத்திருக்கும் மனிதர்களைச் சகித்துக்கொள்ளலாம். கொள்கையோடு வைத்திருப்பவர்களிடமிருந்து தப்பவே முடியாது.

மற்ற பத்திர எழுத்தர்கள் பழைய பத்திரத்தில் இருக்கும் எல்லைகளை அப்படியே புதியதில் இறக்கிவிடுவார்கள். எல்லையில் நிற்கும் மாரிமுத்து போய்ச் சேர்ந்து ஐம்பது வருடமாகியிருக்கும். அவர் நிலம் நாலு கை மாறி, இப்போது அதில் ஹோம்ஸ்டே நடக்கும். பத்திரத்தில் மட்டும் மாரிமுத்து சாகாமல் நிற்பார். இது செக்குபந்திக்கு ஆகாது.

“செத்தவன் எப்புடீங்க எல்லையில நிப்பான்?” என்பார். “நான் போயி நின்னு பாக்காத நெலத்துக்கு ஒரு வரி எழுத மாட்டனுங்க.”

போவார், நிற்பார். குடை, மடக்கு ஸ்டூல், பிளாஸ்க் சகிதம் போவார். வாங்குகிறவரை நிலத்தின் நட்டநடுவில் நிறுத்தி, நாலு பக்கமும் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் என்ன தெரிகிறது என்று சத்தமாகச் சொல்ல வைப்பார். சென்னையிலிருந்து மலைக்காட்சியோடு வீடு வேண்டும் என்று வந்த ஒரு டாக்டர், அவர் முன்னால் நின்று, “மேற்கே எருமை” என்று மூன்று முறை கத்தியதை நான் இந்தக் கண்களால் பார்த்திருக்கிறேன்.

தன் மகன் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கும் நாலு எல்லை போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கிளம்பியதால்தான் நாங்கள் எல்லோரும் வழி தவறினோம். முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் இருந்தவர்கள், பத்திரிகையைப் படிக்காதவர்கள் மட்டுமே.

இதையெல்லாம் மன்னித்திருப்பேன். மன்னிக்க முடியாதது அவர் மேசைக்குப் பின்னால் தொங்கிய பலகை. ‘இங்கு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதப்படமாட்டாது’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில், ‘தேவைப்படாது.’

பத்திரத்தில் தப்பு வந்துவிட்டால், விற்றவரும் வாங்கியவரும் மறுபடி வந்து, இன்னது தப்பு, இன்னதுதான் சரி என்று இன்னொரு பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அதுதான் பிழைத்திருத்தல் பத்திரம். முப்பத்தொரு வருடத்தில் தான் எழுதியதற்கு அப்படி ஒன்று வந்ததில்லை என்பது அவர் பெருமை. அந்தப் பெருமையை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் கோத்தகிரியில் இரண்டு பேர். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் ஸ்டெல்லா, ஹெட்போன் போட்டிருப்பார்.

இந்த மனிதரிடம்தான் நான் போய் விழுந்தேன். அமைதியாக உட்கார்ந்து எழுத ஒரு வீடு வேண்டும் என்று கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்தவன் நான். சத்தத்தில் எழுதியதே சுமாராகத்தான் இருந்தது என்பதை அப்போது யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. கீழ் கோத்தகிரி போகும் வழியில், சரிவில், மேரி டீச்சரின் வீடு விலைக்கு வந்தது. டீச்சர் ரிட்டயராகிப் பல வருடம். ஒரே மகள் கனடாவில். வீட்டை விற்றுவிட்டு, விசா வரும்வரை லவ்டேலில் தங்கை வீட்டில் இருப்பது, வந்ததும் மகளோடு போய்விடுவது என்று ஏற்பாடு. வீட்டுக்குக் கிழக்கே ஊர்ப் பாதை. மேற்கே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் போஜன் என்பவரின் கேரட் தோட்டம். அவ்வளவுதான் பூகோளம். இதில் தப்புச் செய்ய ஒரு மேதை வேண்டும்.

மேதை ஒரு ஜூலை மாதக் காலையில் ஸ்டூலோடு வந்தார். அன்று இறங்கியிருந்த பனியில் நான் என் கையில் இருந்த டீயைத் தேடிக்கொண்டிருந்தேன். சூரியன் எந்தப் பக்கம் என்பது சூரியனுக்கே தெரியாத காலை. வேறொரு நாள் வரலாமே என்றேன்.

“பனியில கண்ணு எதுக்குங்க? காது இருக்குதில்ல. எட்டு மணிக்குத் தேயிலைப் பேக்டரிச் சங்கு ஊதும். பேக்டரி இங்கிருந்து கெழக்கால. சங்கு வர்ற பக்கம் கெழக்குன்னு வெச்சுக்கிட்டா மிச்ச மூணும் தானா வந்து நிக்கும்.”

போனில் திசைகாட்டி இருக்கிறது என்றேன். அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “இது எந்தூருல செஞ்சதுங்க?” என்றார். சைனாவாக இருக்கலாம் என்றேன். “அங்கிருக்கறவனுக்குக் கீழ் கோத்தகிரி ரோடு தெரியுமுங்களா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குளிரில் பல விஷயங்கள் நியாயமாகப் படும்.

எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. செக்குபந்தி கண்ணை மூடி, காதைத் திருப்பி, கையை நீட்டினார். “அதா, கெழக்கு.” நான் அந்தப் பக்கம் திரும்பி, “கிழக்கே ஓடை, மேற்கே பாதை” என்று மூன்று முறை கத்தினேன். வாரா வாரம் ஊரையெல்லாம் கிண்டல் செய்து எழுதிப் பிழைக்கும் நான், ஐம்பத்திரண்டு வயதில், பனிக்குள் நின்று, என் சொந்த வீட்டைத் தலைகீழாகக் கத்தினேன்.

அன்று மாலை ஸ்டெல்லா டைப் அடித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவர் குழந்தையாக இருந்தபோது அதே டீச்சரிடம் டியூஷன் போனவர்.

“சார், டீச்சரூட்டுக்குப் பாதை கெழக்கால தானுங்களே?”

“நீ போயி நின்னியா?”

“நிக்கலீங்க. ஆனா நாலு வருசம் அந்தப் பாதையிலதான் டியூசனுக்குப் போனனுங்க. சாயங்காலம் பாதையிலிருந்து ஊட்டுப் பக்கம் திரும்புனா வெயில் மூஞ்சில அடிக்கும்ங்க.”

“நான் போயி நின்னேன். அடி.”

ஸ்டெல்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். செக்குபந்தி என்னைப் பார்த்து, டைப் அடிக்கிறவர்கள் எல்லாம் எல்லை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் பார்த்தீர்களா என்பதுபோல் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதப் பிடிக்காத வரி அதுதான். அதனால் ஒரே தடவை எழுதிவிட்டு நகர்கிறேன்.

பத்திரத்தை நான் மூன்று முறை படித்தேன். எழுத்தாளன் அல்லவா? இரண்டு காற்புள்ளிகளைச் சேர்த்தேன். டீச்சர் படிக்கவே இல்லை. முப்பத்தைந்து வருடம் பரீட்சைப் பேப்பர் படித்தாயிற்று, இனிமேல் எதையும் படிப்பதாக இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஏழு மாதம் சுகமாகப் போயிற்று. பட்டாவை என் பேருக்கு மாற்ற, ஒரு திங்கட்கிழமை சர்வேயர் வந்தார். பத்திரத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி பத்திரத்தைப் பார்த்தார். பிறகு ஓடையைத் தாண்டிப் போய், அந்தக் கரையில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். கிழக்கே ஓடை, மேற்கே பாதை என்றால் அது அவர் நிற்கிற இடம்தான். போஜனின் கேரட் தோட்டத்துக்குத்தான் கிழக்கே ஓடை. மேற்கே ஜீப் பாதை. சர்வே நம்பர் இந்தக் கரையைச் சொல்கிறது, எல்லைகள் அந்தக் கரையைச் சொல்கின்றன, இதைத் திருத்தாமல் பட்டா நகராது, வீடு உங்களுடையதுதானா என்று நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டால் காட்ட உங்களிடம் காகிதம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போஜன் மண்வெட்டியோடு வந்து முழுக் கதையையும் நிதானமாகக் கேட்டார்.

“ஏனுங்க, கேரட்டை நீங்களே புடுங்கிக்கிறீங்களா, இல்ல நான் புடுங்கிக் குடுக்கோணுமா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மறுநாள் அந்தக் கரையில் முள்வேலி முளைத்திருந்தது.

டீச்சருக்குப் போன் செய்தேன். விசா வந்துவிட்டது, சனிக்கிழமை விமானம் என்றார். போனால் திரும்பி வருவதாக இல்லை. அவர் நேரில் வந்து விரல் ரேகை வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் திருத்தல் பதிவாகும். இல்லையென்றால் கனடாவிலிருந்து அதிகாரப் பத்திரம், அதற்குத் தூதரக முத்திரை, அதற்கு இன்னொரு முத்திரை என்று நான் கேரட் விவசாயியாகவே மூப்படைய வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஆன்லைனில் டோக்கன் போட்டேன். டோக்கன் இருந்தது. பத்திரம்தான் இல்லை.

செக்குபந்தி நான் சொன்னதைக் கேட்டு, பத்திரத்தை வாங்கி, அவர் எழுதியதை அவரே ஒருமுறை ரசித்துப் படித்தார்.

“பத்திரம் சரியாத்தானுங்க இருக்குது. ஊடுதான் திரும்பி நிக்குது.”

நான் பலகையைப் பார்த்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். முன்பு சிரித்தவன் முகத்தைப் பார்க்க அவருக்கு ஆசை இருக்காதா?

அடுத்த கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயரைப் பார்த்ததும், சுட்டதுபோல் கீழே வைத்துவிட்டார். இவர் எழுதியதில் தப்பு என்று தான் எழுதினால், நாளைக்குத் தன்னுடையதில் அவர் தேட ஆரம்பித்துவிடுவார், தேடினால் கிடைக்கும் என்றார். அதற்கடுத்த கடைக்காரரும் அதே. அந்த வரிசையில் ஒருவர் பிழையை இன்னொருவர் திருத்துவதில்லை என்பது எழுதாத சட்டம். குன்னூரில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவருடைய சொந்த வீட்டுப் பத்திரமே செக்குபந்தி எழுதியதாம். அதைப் போய் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று, என்னை உட்கார்த்திவைத்துவிட்டு அவசரமாக வீட்டுக்குக் கிளம்பினார்.

புதன்கிழமை சாயங்காலம் மறுபடி செக்குபந்தியிடம் போய் நின்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னேன். அவர் ஏதோ திருப்பிச் சொன்னார். இரண்டும் இந்தப் பத்திரிகையில் வராது. கடைசியில் அவர் எழுந்து குடையை எடுத்தார்.

“நாளைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு வர்றனுங்க. நின்னு பாத்தர்லாம். என்ர காது பொய்யா, உங்க ஊடு பொய்யான்னு.”

வியாழக்கிழமை பனி முதல் தடவைக்குச் சற்றும் குறையவில்லை. சாட்சிக்கு ஸ்டெல்லாவையும் கூட்டி வந்திருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம், வேலிக்குப் பின்னால், போஜனும் வந்து நின்றிருக்க வேண்டும். பீடி நெருப்பு மட்டும் தெரிந்தது. எட்டு மணி. சங்கு ஊதியது. செக்குபந்தி கண்ணை மூடிக் கையை நீட்டினார். ஏழு மாதத்துக்கு முன் நீட்டிய அதே பக்கம். சொல்லப்போனால் எனக்கும் சத்தம் அங்கிருந்துதான் கேட்டது.

“கேட்டுதுங்களா? கெழக்கு.”

அவர் கையை இறக்கவில்லை. நாங்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தபோது, யாரோ போர்வையை உருவியதுபோல் பனி மெல்ல விலக ஆரம்பித்தது. அவர் விரல் நீட்டிய பக்கம் முதலில் ஓடை தெரிந்தது, பிறகு போஜன், பிறகு கேரட், அதற்கும் பின்னால் மொட்டைப் பாறையாக எதிர்மலை. பேக்டரி இல்லை. எங்கள் முதுகுப் பக்கம், பாதையை ஒட்டிய மண்மேட்டுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் மேலே, புகைபோக்கியின் நுனி. அதற்குப் பக்கத்திலேயே, தாமதமாக வேலைக்கு வந்தவன்போல் சூரியன்.

சங்கு கிழக்கிலிருந்துதான் ஊதியிருக்கிறது. நேராக வரும் சத்தத்தை மேடு மறைத்துக்கொள்ள, எதிர்மலைப் பாறையில் போய் மோதித் திரும்பி வந்ததைத்தான் நாங்கள் கேட்டோம்.

திங்கட்கிழமையிலிருந்து நான் காத்திருந்த தருணம். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தேன். செக்குபந்தி கையை நீட்டியபடியே தலையை மட்டும் திருப்பிப் புகைபோக்கியைப் பார்த்தார். மறுபடி பாறையைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை விரித்து உட்கார்ந்தார். பிளாஸ்க்கைத் திறக்க வரவில்லை. ஸ்டெல்லா வாங்கித் திறந்து கொடுத்தார். ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. என் தொழிலுக்கே அது இழுக்கு.

“எத்தனை நெலத்துலீங்க பனியில நின்னிருப்பேன்” என்றார், டீயைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்குப் பத்திரத்தோடு வந்தார். மழைக்காலம் இல்லாதபோதும் பிரிண்டர் இரண்டு முறை கடித்ததாம். டீச்சர் லவ்டேலிலிருந்து டாக்சியில், கனடாவுக்கு வாங்கிய பெரிய கோட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் டோக்கன் வந்தது. அதிகாரி படித்துக்கொண்டே வந்தவர், இரண்டாவது பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

பிழைத்திருத்தல் பத்திரத்தில் தப்பு எப்படி வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். உலகத்தில் எல்லாரும் எழுதுவது ஒன்றுதான்: தட்டச்சுப் பிழை. அதிகாரி நிறுத்திய இடத்தில் இப்படி இருந்தது:

‘திசைகள் மாறிய காரணம் யாதெனில், சொத்தை நேரில் பார்வையிட்ட நாளில் மூடுபனி இருந்தபடியால், எதிர்மலையில் மோதித் திரும்பிய ஆலைச் சங்கின் ஒலியை ஆலையென்றே நம்பி, பத்திரம் எழுதியவராகிய நான் கிழக்கை மேற்காகவும் மேற்கைக் கிழக்காகவும் குறித்ததேயாகும். தட்டச்சு செய்தவர் அப்போதே சுட்டிக்காட்டினார். நான் கேட்கவில்லை.’

“டைப்பிங் மிஸ்டேக்னு ரெண்டு வார்த்தை போட்டா முடிஞ்சுதுங்களே” என்றார் அதிகாரி. “இது என்னிக்கும் ரெக்கார்டுல நிக்குமே.”

“நிக்கட்டுமுங்க. டைப் அடிச்ச அம்மிணி மேல மிஸ்டேக் இல்லீங்களே.”

வாசலில் நின்றிருந்த ஸ்டெல்லாவின் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. காதில் இல்லை.

டீச்சர் அந்தப் பத்திரத்தை மட்டும் வாங்கி முழுதாகப் படித்தார். காரணத்தோடு எழுதியிருக்கிறான் என்று என்னிடம் சொல்லிவிட்டு, விரலை மெஷினில் வைத்தார். மறுநாள் விமானம் ஏறினார். போஜன் வேலியைப் பிரித்து, ஒரு பை கேரட்டை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். வீடு இப்போது காகிதத்திலும் நிற்கிற இடத்திலேயே நிற்கிறது.

அந்தப் பலகையை அடுத்த திங்கட்கிழமை காணவில்லை. செக்குபந்தி அதற்கப்புறம் ஒரு வருடம்தான் எழுதினார். பனியில் நின்ற பழைய நிலங்களுக்கெல்லாம் ஸ்டெல்லாவோடு ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்ப் பார்த்தார் என்று கேள்வி. மற்ற எல்லாம் சரியாக இருந்ததாம். முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு தப்பு, அதற்கும் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். பிறகு முழங்கால் ஒத்துழைக்காமல் மகனோடு மேட்டுப்பாளையம் போய்விட்டார். கடை இப்போது ஸ்டெல்லா பெயரில். அங்கே எல்லைகள் நாலு வரிதான். ஆனால் வெயில் வந்த பிறகே அந்த அம்மாள் நிலத்தைப் பார்க்கப் போகிறார்.

வாரத்துக்கு ஒருமுறையாவது, காலை எட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பு, மேட்டுப்பாளையத்திலிருந்து செக்குபந்தியின் போன் வரும். சமவெளியில் சூரியன் ஒழுங்காகக் கிழக்கில் உதித்து அவருக்கு வெறுத்துப்போயிற்றாம். “சங்கு ஊதிருச்சுங்களா?” என்பார். நான் எழுதிக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு, திட்டிக்கொண்டே வெளியே போய், குளிரில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். பேக்டரி பக்கமாக நீட்டுவதுதான் முறை. நான் எதிர்மலைப் பக்கம் நீட்டுகிறேன். அவர் காதுக்கு அதுதான் பழக்கம்.